கனகாம்பரம் வைத்த நீலமுடிக்காரி

"இந்த நீலமுடிக்காரிக்குக் கனகாம்பரம் வெச்சு உட்டது எம்புள்ளதான் கண்ணு."

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சப்பான் கார்ட்டூன்ல வர்றவதானுங்கம்மா இவ? பாவாடை தாவணியெல்லாம் கட்டியிருக்கறா!"

"அப்படி வரைஞ்சு நெட்டுல போடறதுல எம்மவளுக்கு அத்தனை சந்தோசம். எந்தெந்த நாட்டுப் புள்ளைங்களோ இதென்ன பூ, இதென்ன பூன்னு கேட்டுத் தொளைச்சுப்போட்டாங்க. அத்தனை பேருக்கும் உக்காந்து பதில் போடுவா."

"இப்பவும் வரையறாங்களா?"

"ஐப்பசியில காய்ச்சல் வந்து போய்ச் சேந்துட்டா சாமி."

அம்மாளே தொடர்ந்தார்.

"அவ போனு எங்கிட்டத்தான் இருக்குது. அடுத்த படம் எப்பன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பரிச்சை நடக்குது, முடிஞ்சதும் வரையறேன்னு அவளே சொல்றாப்பல போட்டுட்டேன். தமிழ்ல அடிச்சாப் போனே இங்கிலீசுல மாத்திக் குடுத்துருது."

பஸ் மல்லூரைத் தாண்டியபோது அந்தப் பெண் அம்மாளின் பக்கம் திரும்பினாள்.

"உள்ளதைச் சொல்லிப்போடுங்கம்மா. பாவம், காத்துக்கிட்டிருப்பாங்கல்ல?"

"சொல்லோணுந்தான். நேத்துக்கூட ஒரு புள்ள, பரிச்சையை நல்லா எழுதுன்னு பேனா ஒண்ணு வரைஞ்சு அனுப்பியிருக்குது."

அம்மாள் போனை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார்.

"அங்க மட்டுந்தான் கண்ணு அவ இன்னும் பரிச்சை எழுதிக்கிட்டிருக்கறா."