இலைக்கஞ்சியும் நாலு கிலோவும்

வேணாண்ணே, நீங்க சாப்பிடுங்க. சீனி போடாதது, தவிட்டு பிஸ்கட்டுன்னு முன்னாடி பெருசா போட்டிருக்கு, சரிதான். பின்னாடி திருப்புங்க. எறும்பு சைசுல எழுதியிருக்கான் பாருங்க. எண்ணெய் எவ்வளவு? ம்... அதான். சீனிய எடுத்துட்டு எண்ணெய ஊத்தி வச்சிருக்கான்.

சேச்சே, சீனி வருத்தமெல்லாம் எனக்கு இல்ல. எட கொறைக்கணும். நாலு கிலோ. கொறைச்சாத்தான் ஆப்பரேசன்னு கண்டி டொக்டர் சொல்லிட்டாரு. என் கிட்னில ஒன்ன எடுத்து வீட்டுக்காரிக்கு வைக்கணும். இந்தா, ஜன்னலோரமா தூங்குறாளே, ஜெயந்தினி, இவளுக்குத்தான். காலைல கண்டிக்குப் போயி ரத்தம் கழுவிட்டு இந்த ரயில்ல திரும்பி வாறோம். கழுவுன அன்னைக்கு இப்பிடித்தான், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. கொஞ்சம் மெதுவா பேசுவோம்.

நாலு கிலோ என்ன பெருசுன்னுதான் நானும் நெனச்சேன். நான் தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளைங்க. மடுவத்துல கொழுந்து நிறுக்கிறது நான்தான். தண்ணிக்கு, சாக்குக்குன்னு ஊரான் கொழுந்துல கிலோ கிலோவா வெட்டுறவன். என் ஒடம்புல ஒரு கிலோ வெட்ட முடியல. கிளினிக் வரைக்கும் பொறுக்க மாட்டாம, ஒரு நாள் கொழுந்துத் தராசுக் கொக்கியப் புடிச்சு நானே தொங்கிப் பாத்தேன். பேச்சியம்மான்னு ஒரு அம்மா கூடையோட நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஐயா, தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்னு வெட்டிப் போட்டுக்குங்க, எங்களுக்கு அப்பிடித்தானேங்குது. மடுவமே சிரிச்சுச்சு. நியாயந்தான்.

சோறா? அத எப்பவோ நிப்பாட்டியாச்சு. நல்ல சாப்பாடா சாப்பிட்டுத்தாண்ணே ஏறுது, அதான் வயித்தெரிச்சல். காலைல வல்லாரை போட்ட இலைக்கஞ்சி. பத்து மணிக்கு சத்துமா உருண்டை. மத்தியானம் குரக்கன் ரொட்டி. பிளேன்டீக்கு சீனி கெடையாது, கித்துள் கருப்பட்டி ஒரு கடி. நம்ம ஆளுக பிளேன்டீய எண்ணியா குடிக்கிறோம்? ஒவ்வொன்னுக்கும் ஒரு கடி. கிளினிக்ல சாப்பாட்டு மிஸ் ஒருத்தங்க இருக்காங்க, சொல்லச் சொல்லக் கேட்டுட்டு தலைல கைய வச்சிட்டாங்க. கஞ்சிக்குத் தேங்கா மொதப் பாலு, ரொட்டிக்குப் பாதித் தேங்கா, உருண்டைக்குத் தேனு. இது பத்தியமில்ல, கல்யாண வீடுன்னாங்க. நைட் ஸ்கூல்ல விஞ்ஞானம் பாஸ் பண்ணவண்ணே நானு. கலோரின்னா என்னன்னு பரீட்சைல எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். திங்கிறப்ப அது ஞாபகம் வரல பாருங்க.

சரின்னு எல்லாத்தையும் விட்டேன். கஞ்சி மட்டும் போதும், அதுக்கும் பால் ஊத்தாத, தண்ணியா காச்சுன்னு இவகிட்ட சொன்னேன். சரிங்கன்னா. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. முன்ன அப்பிடி இல்ல. கிட்னி குடுக்குறேன்னு நான் சொன்ன அன்னைக்குப் பூரா அழுதா. எங்க மக சுலக்ஷனா இப்பத்தான் பத்தாம் வகுப்பு. ரெண்டு பேரும் கத்திக்குப் போயி, ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா பிள்ளைக்கு யாரு இருக்கான்னு கேட்டா. நான் மசியல. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன்.

எறங்குச்சாவா? நீங்க வேற. ஏறுதுண்ணே! வெறும் இலைத்தண்ணியக் குடிச்சு எவனுக்காவது எட ஏறுமா?

போன கெழம கடைக்குப் போறேன், கடைக்கார மஃறூப் நானா கேக்குறாரு, என்ன கணக்கப்பிள்ள, வீட்டுல கச்சான் யாவாரமா, வீட்டம்மா வாராவாரம் வாங்கிட்டுப் போறாங்களேன்னு. கச்சான் கடலை பக்கமே போகக் கூடாதுன்னு டொக்டர் இவளுக்குச் சொல்லியிருக்காரு. களவா திங்கிறாளோ, இதுக்கா இந்தப் பாடுபடுறோம்னு அம்புட்டு கோவம். மறுநாள் காலைல சத்தங்காட்டாம அடுப்படிப் பக்கம் போயி நின்னேன்.

அவ திங்கலண்ணே. வறுத்த கச்சான மை மாதிரி அரைச்சு என் கஞ்சில கரைச்சுக்கிட்டு இருக்கா. வல்லாரப் பச்சைல ஒன்னும் தெரியாதுல்ல. கரைச்சிட்டு மேல ஒரு கரண்டி தேங்கா எண்ணெய்.

திரும்பிப் போயி படுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல கொண்டாந்து கையில குடுத்தா. ஆறிரும், சூடா குடிங்கன்னா.

இன்னைக்குக் காலைல கிளினிக் தராசுல ஏறுனேன். போன மாசத்த விடக் கூட. அடுத்த மாசமும் எறங்கலேன்னா வேற ஆளப் பாத்துக்குங்கன்னுட்டாரு டொக்டர். வேற ஆளுக்கு எங்க போறது? எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. நீங்க அவ மூஞ்சியப் பாக்கணுமே. பாஸான பிள்ள மாதிரி! என் கையப் புடிக்காம ஆசுபத்திரிப் படி எறங்குனா இன்னைக்கு. வீட்டுக்குப் போனதும் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைக்கணுங்குறா. எதுக்குன்னு கேட்டேன். சும்மாங்குறா.

இப்பவா? இப்பவும் குடிக்கத்தான் செய்றேன், அவ கண்ணு முன்னாடி, மடக்கு மடக்குன்னு. மத்தியானத்துக்குக் கட்டிக் குடுக்குற கஞ்சிய மடுவத்து நாய்க்கு ஊத்திர்றேன். ஒரு கெழமைல நாய்க்கு நல்ல எட. ராவைக்குப் பல்லு வலிங்குறேன். அடுத்த மாசம் தராசுல ஏறி எறங்குற வரைக்கும் இவளுக்குத் தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா வேற எதையாவது கரைச்சு வைப்பா.

வட்டவள தாண்டிருச்சா? றொசல்லைல எறங்கணும். இந்தா, அசையுறா... முழிச்சிட்டா. அண்ணே, அந்த பிஸ்கட்ட இங்கிட்டுக் குடுங்க. ஒன்னு பத்தாது, ரெண்டு குடுங்க.

பாரு ஜெயந்தினி, அண்ணன் பிஸ்கட் குடுத்தாரு. தவிட்டு பிஸ்கட்டாம். ஒடம்புக்கு ரொம்ப நல்லதாம்.