திருப்பிப் போட்டுப் பார்த்தவன்

"பேக்கப் எடுக்கறது பெரிய விஷயமே இல்ல மேடம். எல்லாரும் எடுப்பாங்க. அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கறவங்கதான் கிடையாது."

"நீங்க பார்ப்பீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பார்க்காம எதையும் கொடுத்ததில்ல. கடையில இதுக்குன்னே ஒரு வெறும் கம்ப்யூட்டர் பெட்டி வச்சிருக்கேன். உள்ள ஒண்ணுமே இருக்காது. அதுல முழுசா ஏத்தி, ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் கஸ்டமர் மிஷின்ல கை வைப்பேன்."

"அப்ப உங்க அத்தான் கம்ப்யூட்டரையும் பார்த்திருப்பீங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேக்கப் கெட்டுப்போயிருந்தது, கவனிக்கவில்லை என்றிருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் பார்க்காமல் கொடுத்தான் என்ற பேச்சு என் தொழிலில் எனக்கு வந்ததே இல்லை. அதை ஸ்டேஷனில் உட்கார்ந்து வரவழைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

"பார்த்தேன்" என்றேன்.

அம்மா போன பிறகு எனக்குத் தலை துவட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அவளை அத்தான் கட்டிக்கொண்டு போனார். என் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. எந்த விசேஷமானாலும், "வாடா ஸ்க்ரூடிரைவர், இன்னிக்கு யார் வீட்டு ஃபேனைக் கழட்டப் போற?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அக்காவுக்கு நுரையீரலில் நோய். கடைசி மாதங்களில் வீட்டிலேயே கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் மகளுக்காகப் பேசிப் பதிவு செய்துவைத்தாள். பல்லை எப்படித் தேய்ப்பது, யாரிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது, நடுநடுவே கதைகள். அவள் போன பிறகு பாப்பா அந்தக் குரலைக் கேட்டால்தான் தூங்குவாள்.

பிறகு ஒருநாள் மின்சாரம் எகிறி அந்தக் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போயிற்று. அத்தான் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். அன்று ஸ்க்ரூடிரைவர் என்று கூப்பிடவில்லை.

"மாப்ள, அவ குரல் எல்லாம் இதுலதான்டா இருக்கு. வந்துருமாடா?"

"வந்துரும் அத்தான். தினமும் தானாவே ஆகற பேக்கப் என்கிட்ட இருக்கு. புதுசா ஒரு மிஷின் மட்டும் வாங்கிட்டு வாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை. அவர் போனதும் துடைத்துக்கொண்டேன்.

வெறும் பெட்டியில் ஏற்றினேன். திரை விழித்தது. அக்கா வைத்திருந்த கடல் படம், அவள் வாரி இறைத்திருந்த ஐகான்கள், எல்லாம் அதே இடத்தில். செத்துப்போன ஒன்று வேறோர் உடம்பில் கண் திறப்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். சோதனை என்றால் முழுசாகச் செய்ய வேண்டும்.

கடைசிப் பதிவில் மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். "கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அப்பா என் கால்ல விழாத குறையாக் கெஞ்சினாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். அங்க போனா உன்னைப் பாக்க விட மாட்டாங்க. மாமா இதுக்காக அப்பாகூடச் சண்டைக்கு வருவான். நல்லவன்தான், ஆனா அவசரக்காரன். வந்தான்னா இதைப் போட்டுக் காட்டு."

அது அக்காவின் பேச்சே இல்லை. அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருப்பார். அவசரக்காரன் என்றதும் தப்பு. மறுபடி முதலிலிருந்து கேட்டுவிட்டு, நிதானமாகத்தான் முடிவு செய்தேன்.

அத்தானின் புது மிஷினில், அக்கா படுக்கையில் விழுவதற்கு முன்பு எடுத்த பழைய பேக்கப்பை ஏற்றினேன். படங்கள் வந்தன, விளையாட்டுகள் வந்தன. குரல் மட்டும் வரவில்லை. "இதுக்கப்புறம் பேக்கப்பே ஆகல அத்தான்" என்றேன். அவர் நாற்காலியைக் கையால் துழாவித் தேடி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்தை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மனசுக்கு இதமாக இருக்கும்.

அவர் கிளம்பியதும் புது பேக்கப்பை அழித்தேன். வெறும் பெட்டியையும் துடைத்தேன். அழிந்துவிட்டதா என்று சரிபார்த்தேன். அதற்குப் பிறகுதான் இதே ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அக்கா கதறியும், அத்தான் அவளை அறையில் பூட்டி வைத்துச் சாகவிட்டார் என்று. அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அத்தானைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவ பேசி வச்சிருக்கா, அவ பேசி வச்சிருக்கா என்று புலம்பினாராம். எதைப் போட்டுக் காட்டுவார்?

பாப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். படுக்கப் போகும்போது, "அம்மாவைப் போடு மாமா" என்பாள். கெட்டுப்போச்சு கண்ணு என்பேன். அழுவாள். குழந்தைதானே, மறந்துவிடுவாள். அக்கா சொன்ன கதைகளை நானே சொல்கிறேன். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

இதையெல்லாம் இதே வரிசையில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் அத்தானின் வக்கீலைக் கூப்பிடச் சொன்னார். நாற்காலியை நகர்த்தி எழுந்தார்.

"மேடம், ஒரே ஒரு உதவி. பாப்பாவை அவர்கிட்ட அனுப்பிடாதீங்க. பெத்தவ இல்லாத பொண்ணு. அவ அம்மா எப்படிப் பேசுவான்னு எடுத்துச் சொல்ல, என்னை விட்டா யாரு இருக்கா?"