பெரிய சனிக்கிழமை மணி

பெரிய சனிக்கிழமை காலையில் மலைக்கோயிலில் அதிக வேலை இருக்காது, சார். முந்தின நாள் பெரிய வெள்ளிக்கு வந்த ஜனம் காலில் ஒட்டிக் கொண்டுவந்த செம்மண்ணைக் கூட்ட வேண்டும். தரையில் சிந்தின மெழுகைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பீடத்தில் துணி இருக்காது, பூ இருக்காது. ராத்திரி ஈஸ்டருக்கான பாஸ்கா பூசை தொடங்குகிறவரை அது வெறும் கட்டடம்தான். நான் அதைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

என் பேர் இஞ்ஞாசி என்பதும், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் என்பதும், முப்பத்தொரு வருஷமாக இந்தக் கோயிலுக்குக் கோயில்பிள்ளை என்பதும் உங்கள் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஜீப் டிரைவர் ஜின்சன், வயது முப்பத்திரண்டு, காட்டு யானை மிதித்து மரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரிதான். பனி மூட்டத்தில் யானை இருந்தது கோயில்பிள்ளைக்குத் தெரியவில்லை என்ற வரி மட்டும் சரியில்லை. அதை நான்தான் உங்களிடம் சொன்னேன். பனி எட்டு மணிக்கே விலகிவிட்டது. அவன் செத்தது ஒன்பது மணிக்கு.

எங்கள் மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் மேட்டில் நின்றால் பள்ளத்து ஏலக்காடு முழுக்கத் தெரியும். பள்ளத்தில் டவர் கிடையாது. ஃபாரஸ்ட்காரர்கள் அனுப்புகிற மெசேஜ் யானை போன மறுநாள் வந்து சேரும். அதனால் ஊர்க் கமிட்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். மேட்டிலிருந்து யானையைப் பார்த்தால் கோயில் மணியை விடாமல் அடிக்க வேண்டும். காட்டில் வேலை செய்கிறவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், போட்டது போட்டபடி ஸ்டோர் மொட்டைமாடிக்கு ஓடிவிடுவார்கள். இதுவரை பதினேழு தரம் அடித்திருக்கிறேன். அந்த ஏற்பாடு வந்த பிறகு, ஜின்சன் வரை, பள்ளத்தில் யாரும் சாகவில்லை.

ஆனால் வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் அந்த மணி அடிக்கக்கூடாது. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதத்துக்கு அடித்தால், அப்புறம் பாஸ்கா ராத்திரி அதே கீதத்துக்குத்தான் அடிக்க வேண்டும். ஆண்டவர் கல்லறையில் இருக்கிற நாட்கள். இடையில் எதற்கும் மரத்தட்டிதான். ஒரு பலகை, அதில் ஒரு கட்டை. கையில் பிடித்து ஆட்டினால் டக்டக்கென்று சத்தம் வரும். கோயில் முற்றத்தைத் தாண்டிக் கேட்காது. ஏலக்காட்டில் வேலை செய்கிற சாந்தம்மாள் ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்ன அண்ணே, ஒங்க சாமிக்கு ரெண்டு நா வாய்க்கட்டா? எங்க மாரியாத்தாளுக்கு அரை நா கொட்டடிக்கலேன்னா ஊரையே புரட்டிப் போட்ருவா."

"ஒங்க ஆத்தாளுக்குப் பொறுமை பத்தாது" என்பேன் நான்.

லத்தீன் பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் பூசை எல்லாம் தமிழ்தான். பழைய லத்தீன் பாட்டு வருஷத்துக்கு ஒரு தரம், பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு, ஜனம் சிலுவை முத்தி செய்யும்போது, அதாவது பாதத்தில் முத்தமிடும்போது, மட்டும் பாடுவது. எனக்கு முன்னால் இருந்த கோயில்பிள்ளை தமிழ் எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்து நான் மனப்பாடம் செய்தது. அர்த்தம் தெரியாது. மைக் வேண்டாம், எதிர் மலையில் இருக்கிற தொழிலாளர் லயத்து வாசல் வரை கேட்கும்.

ஸ்டோரில் ஜிபி என்று ஒரு சூப்பர்வைசர். என்னைவிட இருபது வயது இளையவன். வருஷம் முழுக்க என்னை 'எடா' என்றுதான் கூப்பிடுவான். சீசன் நேரத்தில் அடுப்புச் சூடு ஒரு டிகிரி இறங்கினால் பெண்கள் முன்னால் வைத்து என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவான். பெரிய வெள்ளியன்று அதே ஜிபி செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டி நின்று நான் பாடுவதைக் கேட்பான். முடிந்து வெளியே வந்தால் 'இஞ்ஞாசி அண்ணே' என்பான். திங்கட்கிழமை மறுபடியும் எடா. பரவாயில்லை. அந்த ஒரு நாளை வைத்து மிச்ச நாட்களை ஓட்டிவிடுவேன். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நாற்பது வருஷம் அடுப்பு வாயில் நின்றவனுக்கு அப்படித் தெரியாது.

ஜின்சன் போன வருஷம்தான் எங்கள் பங்குக்கு வந்தான். சாமியாருக்குப் படிக்கிற செமினாரியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, நமக்குச் சரிவராது என்று வெளியே வந்து, ஜோமோளைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் சொன்னா கோபிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைப் பாட்டு நிங்க ஸ்டோர்ல பாடி முனகிட்டு இருந்தப்போ கேட்டேன். என்ன ஒரு தொண்டை! ஆனா பாதி வழியில மூச்செடுக்கறீங்க. அங்க எடுத்தா அர்த்தம் முறிஞ்சு போகும்."

"அதுல என்ன அர்த்தம் இருக்கு?"

"கடவுள் தன்னோட ஜனத்தைப் பாத்து, நான் உனக்கு என்ன குறை வெச்சேன்னு கேக்கறதல்லே? அப்படிக் கேக்கற ஆளு நடுவுல நின்னு மூச்சு வாங்குவாரா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாடியும் காட்டினான், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் பங்குச் சாமியார் பின்னால் நின்றிருந்தார். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சாமியார். புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ஞாசி, இந்த வருஷம் ஜின்சன் பாடட்டும்ப்பா. நீ சிலுவையப் புடிச்சுக்கோ. ஒனக்கும் வயசாவுதுல்ல."

"சரி சாமி" என்றேன். வேறு என்ன சொல்வது?

பெரிய வெள்ளியன்று சிலுவையை நான் பிடித்திருந்தேன். ஒவ்வொருவரும் முத்தி செய்த பிறகு பாதத்தைத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்தேன். அவன் பாடினான். நான் மூச்செடுக்கிற இடத்தை அவன் கடந்து போனான், ஓடையை ஒரே எட்டில் தாண்டுகிற மாதிரி. அர்த்தம் தெரியாத எனக்கே யாரோ என்னைப் பார்த்துக் கேட்பது போல இருந்தது. வாசலில் நின்ற சாந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என் முப்பத்தொரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஜிபி வரிசையில் வந்து முழங்காலிட்டு முத்தி செய்தான். எழுந்திருக்கும்போது என் காதருகில், "எடா, துணி நனைஞ்சு கெடக்கு, மாத்து" என்றான். வெளியே போய் ஜின்சனிடம் கை குவித்து, "சாரே, கரைச்சல் வந்துபோயி" என்றான், அழுகை வந்துவிட்டதாம்.

பூட்டும் நேரத்தில் ஜின்சன் திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்த்திருப்பான்.

"நாளைக்குக் காலையில வரேன் அண்ணாச்சி. அடுத்த வருஷம் நிங்கதான் பாடணும், நான் சாமியார்கிட்ட சொல்லியாச்சு. மூச்செடுக்கற எடம் மாத்ரம் காட்டித் தரேன்."

"வா" என்றேன்.

சனிக்கிழமை எட்டரைக்குக் கூட்டிய மண்ணை மேட்டு ஓரத்தில் கொட்டப் போனேன். பள்ளத்தில் ஒற்றைக்கொம்பன் யானை நின்றது. ஓடையைத் தாண்டினவுடன் ஏலக்காட்டுக்குள்ளேயே பாதை திரும்பும் இடத்தில் ஒரு பலா மரம் உண்டு. அதில் பிஞ்சு பறித்துத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்டோர் பக்கம் ஜீப் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜின்சன் இறங்கினான். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே நுழைந்துவிட்டால் நாலு எட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேட்டிலிருந்து எனக்கு அவனும் தெரிந்தான், யானையும் தெரிந்தது. அன்று தண்ணீர் விடுகிற வேலை மேல்காட்டில் நடந்தது. பள்ளத்தில் அவனைத் தவிர ஆள் இல்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டோரிலிருந்து பலா மரம் பத்து நிமிஷ நடை. நான் மணிக்கூண்டுக்குப் போக ஒரு நிமிஷம் ஆனது. கயிறு தோள் உயரத்தில் தொங்கியது. நான் அடிக்கவில்லை. மரத்தட்டியை எடுத்துத் தட்டினேன்.

கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் தொண்டைக்கு அந்தப் பள்ளம் ஒரு தூரமே இல்லை. பெரிய சனிக்கிழமை கோயில் வாசலில் சத்தம் போட மாட்டார்கள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருநாள் முடிகிறவரை அடக்கப் பூசை வைக்க முடியாது என்பதால் ஜின்சன் உடம்பு ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. பாஸ்கா ராத்திரி வானவர் கீதத்துக்கு மணி அடித்தது நான்தான். திங்கட்கிழமை அடக்கம். ஜோமோள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நிங்களே பாடணும். அவருக்கு நிங்களை வலிய இஷ்டமாயிருந்து. அண்ணாச்சியோட தொண்டை மாதிரி செமினாரியில ஒருத்தருக்கும் இல்லேன்னு தினமும் சொல்லும்."

அடக்கத்துக்கான பழைய பாட்டும் அந்த நோட்டில் இருந்தது. பாடினேன். அவன் சொன்ன மாதிரி மூச்சை அடக்கிப் பார்த்தேன். வந்தது. அன்று நான் பாடினதுபோல் அதற்கு முன்னால் பாடினதில்லை. குழிமேட்டில் ஜிபி என் தோளைத் தொட்டு, 'அண்ணே' என்றான். அந்த வார்த்தை உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். யானையைப் பார்த்தேன், மணி அடிக்கக்கூடாத நாள் என்று தயங்கினேன், மரத்தட்டியைத்தான் தட்டினேன் என்று சொன்னேன். "பைத்தியக்காரா, ஒரு உசுருக்கு முன்னாடி எந்தச் சட்டம்ப்பா? ஒன்னோட அறியாமையை ஆண்டவர் மன்னிப்பார்" என்று சாமியார் கை உயர்த்தினார். அபராதமாக ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை கொடுத்தார். மூன்று நாள் சொன்னேன். நான் செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கி வந்திருக்கிறேன் என்பது ஒவ்வொரு மணிக்கும் உறுத்தியது.

எனக்கு ஒரே மகள், சோனா. நான் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து நேற்று மத்தியானம் விடாமல் கேட்டாள். சாமியாரிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். சாமியார் மன்னித்துவிட்டார் என்றும் சொன்னேன். அவள் அரிவாள்மணையில் கப்பைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்பா, நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் தண்ணி விடப் போனப்ப ஆனை வந்துச்சே. அன்னிக்குப் பெரிய வெள்ளிதான?"

நான் குனிந்து கிழங்குத் தோலைப் பொறுக்கினேன்.

"நீங்க மணி அடிச்சீங்கப்பா. கயிறு அந்து விழுற மாதிரி அடிச்சீங்க. நான் மாடியில ஏறி நின்னு பாத்தேன். பழைய சாமியார்கூட, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்னு சிரிச்சாரே. எனக்கு அடிச்சீங்கல்ல?"

கிழங்கை அப்படியே விட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. அதனால்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், சார்.

அன்று சோனாவுக்காகக் கயிற்றை இழுத்தபோது எந்த நாள், எந்தச் சட்டம் என்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஜின்சனுக்கு அடிக்காமல் இருந்தபோதும் வரவில்லை. சட்டம் அப்புறம் வந்தது. மரத்தட்டியும் அப்புறம்தான் எடுத்தேன், எல்லாம் முடிந்த பிறகு, தட்டினேன் என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று.

அந்தப் பத்து நிமிஷம் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஏலக்காட்டுக்குள் நுழைந்ததும் அவன் பாட ஆரம்பித்தான், அந்த வெள்ளிக்கிழமைப் பாட்டை. எனக்குச் சொல்லிக் கொடுக்க வருகிறவன், வழியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பான். பள்ளத்திலிருந்து சத்தம் தெளிவாக மேலே வந்தது. பாதி வழியில் நான் மூச்செடுக்கிற அந்த இடம் வந்தது. தாண்டினான். அடுத்த அடியிலும் தாண்டினான். பலா மரம் வரை பாடிக்கொண்டே வந்தான்.

ஒரே ஒரு இடத்தில் அவன் பிசகியிருந்தால் அடித்திருப்பேன், சார். சத்தியமாக அடித்திருப்பேன்.