மூன்றாவது இடம்

— ஏம்மா, யாருக்கு எந்த ரூட்டுங்கற பட்டியலைப் பிரிண்ட் போட்டியா இல்லையா? நாலு மணிக்கு ஒட்டணும். டிரைவருங்க எல்லாம் வாசல்லயே நிக்கிறாங்க.

— போடல சார். தப்பா இருக்கு.

— காலையில சரின்னியே!

— காலையில புரோகிராமை ஓட்டினப்ப மூணாவதா ஒருத்தர் வந்தார். இப்ப ஓட்டினா ஒரு அம்மா வர்றாங்க.

— ஏன், கம்ப்யூட்டருக்கும் மனசு மாறுதா?

— நான் எழுதின லட்சணம் அப்படி. ஒவ்வொரு பணிமனையையும் தனித்தனியா பிரிச்சு, புள்ளி அதிகமா இருக்கறவங்களை மேல வச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ரோ நம்பர் போட்டேன்.

— அதுல என்ன குத்தம்?

— நம்ம பணிமனையில ரெண்டு பேருக்கு எண்பத்தி நாலு புள்ளி சார். ரோ நம்பருக்கு சமம்னா என்னன்னே தெரியாது. கைக்கு வந்தவரை மூணுங்கும், மத்தவரை நாலுங்கும்.

— ரெண்டு பேருக்கும் மூணு குடுத்துடேன்?

— ரோ நம்பருக்குப் பதிலா ரேங்க்னு போட்டா குடுக்கும். அடுத்த ஆள் நேரா அஞ்சு. ஆனா பக்கத்து ஊர் ரூட் மூணுதானே இருக்கு? நாலாவது பஸ்ஸுக்கு நான் எங்க...

— அப்ப காலையில வந்ததையே ஒட்டு. யாரு கேக்கப்போறா?

— கேக்கலேன்னாலும்... ரெண்டு வருஷம் சார். தள்ளிவிடற ஆளு ரெண்டு வருஷம் பதினாலு மணி நேர ரூட்ல உக்காரணும்.

— அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?

— விதியில இருக்கே! புள்ளி சமமா வந்தா, முன்னாடி வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு. அந்தத் தேதியை வரிசையில சேக்க நான்தான் மறந்துட்டேன்.

— இப்ப சேத்துட்டியா?

— ம்... அந்தம்மாதான் வர்றாங்க. சர்வீஸ்ல பதினோரு நாள் மூத்தவங்க.

— பதினோரு நாளா! நல்லா இருக்கே கதை... விடும்மா. அந்த மனுஷனுக்கு வயசாச்சு. நடுமுதுகுல பெல்ட் கட்டிக்கிட்டு ஓட்டறார்.

— விதியில முதுகுக்கு இடமில்ல சார்.

— கல்நெஞ்சுக்காரி!

— திட்டுங்க. மூணு தடவை ஓட்டிட்டேன், இனிமே மாறாது. கையெழுத்துப் போடுங்க.

— நாளைக்குப் பாத்துக்கலாம்...

— இப்பவே சார். நாளைக்குன்னா எனக்குத் தைரியம் போயிடும்.

— உனக்கென்ன தைரியம் வேண்டிக்கிடக்கு இதுல?

— ... தள்ளிப்போறவர் எங்கப்பா சார். நான் இங்க வேலையில சேரும்போது யார்கிட்டயும் சொல்லல.

— தெரியும்மா. அவர் பஸ்ல ஒன்பது வருஷம் கண்டக்டரா நின்னவன் நான். அந்தம்மா அவருக்கு முன்னாடி சேர்ந்தவங்கன்னும் தெரியும்... காலையிலயே அவர் பேரை மூணாவதா பாத்துட்டுத்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். குடு, கையெழுத்துப் போடறேன்.