சனிக்கிழமைக் கடிதங்கள்

பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் வெளியே வருவது தும்மல்தான். உங்கள் அம்மா என்னிடம் கொண்டுவந்த உங்கள் தம்பியின் கம்ப்யூட்டர் பதினெட்டு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதற்குத் தகுந்த தும்மலாகவே வந்தது. தும்மி முடித்துவிட்டுப் பார்த்தேன். பவர் சப்ளை மட்டும் செத்திருந்தது. மூடிப்போன ஏதோ அலுவலகத்திலிருந்து மூட்டையாக வந்த காயலான் சரக்கில் பொருத்தமான ஒன்று இருந்தது. கழற்றி மாட்டினேன். அன்று சாயங்காலமே திரை எழுந்துவிட்டது.

அம்மா சேர்த்து வைத்த கடிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவிடம் நான் வேறு மாதிரி சொல்லியிருந்தேன்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்க வந்தபோது அவர் என் ரிப்பேர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். தையல் மிஷின் எண்ணெய் விரலில் அப்படியே இருந்தது.

"தம்பி, அவன் எனக்கு ஏதாவது எழுதி வெச்சிருக்கானா? படிப்பப் பாதியில விட்டுட்டு வந்தான்னு, 'இனிமே இந்தப் படி ஏறாதே'ன்னு சொல்லிட்டேன். ஏறவே இல்ல. நாலு மாசத்துல லாரி அடிச்சுப் போயிட்டான். கோவத்தோடயே போயிட்டானான்னு தெரிஞ்சாப் போதும்."

டிஸ்க்கில் இருந்தது ஒரே ஒரு கடிதம். முந்தின நாளே படித்துவிட்டேன். அதைக் கொடுத்தால் அவர் தாங்க மாட்டார் என்று பட்டது. எனக்கு இளகிய மனசு, என்ன செய்வது.

"டிஸ்க்கு புண்ணாகியிருக்கும்மா. அவசரப்பட்டா எல்லாம் போயிடும். மெதுவாத்தான் எடுக்கணும். சனிக்கிழமை வாங்க" என்றேன்.

"நெறைய இருக்குமா தம்பி?"

அவர் முகத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் என்று சொல்ல வாய் வரவில்லை. "நெறைய இருக்கும்மா."

சொல்லியாயிற்று, கொடுக்க வேண்டுமே. கம்ப்யூட்டரை விற்பவர்கள் வெளியே துடைத்துக் கொடுப்பார்கள். உள்ளே இருப்பதைத் துடைக்க மாட்டார்கள். என் அலமாரியில் இருக்கிற டிஸ்க்குகளில் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் அம்மாக்களுக்கு எழுதியிருந்தார்கள். ஒருவனிடமிருந்து காய்ச்சலை எடுத்தேன். இன்னொருவனிடமிருந்து விடுதிச் சமையல்காரர் மேலிருந்த கடுப்பை. மூன்றாமவனிடம் ஒரு மன்னிப்பு இருந்தது, கொஞ்சம் நீளம். நறுக்கி ஆறு வாரத்துக்கு வைத்துக்கொண்டேன். சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அவ்வளவு கற்பனை எனக்கு ஏது? இருக்கிற உதிரிகளை வைத்து ஓட வைப்பதுதான் என் தொழில்.

ஒரே ஒரு தடவை பிசகியது. 'தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்' என்று ஒரு வரி அப்படியே போய்விட்டது. நீங்கள் பிடித்திருப்பதும் அதைத்தான். அம்மா அன்றைக்கே பிடித்தார். படித்து, நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். அப்புறம் சிரித்தார்.

"அக்காவத்தான் சொல்றான். குள்ளமா இருக்காளேன்னு கேலி. திமிரு புடிச்சவன்."

பொருந்தாத உதிரியை நான் அரம் வைத்துத் தேய்ப்பேன். அவருக்கு அரம்கூடத் தேவைப்படவில்லை.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் சனிக்கிழமைகள் நன்றாக இருந்தன. ஊசியும் நூலுமாக வருவார். "சட்டையில ரெண்டு பட்டன்தான் இருக்கு, மிச்சத்த எந்த மிஷினுக்கு மாட்டுனீங்க?" என்பார். கழற்றச் சொல்லாமல், போட்டிருக்கும்போதே தைப்பார். ஆடினால் முதுகில் ஒரு தட்டு. என் கடைக்கு வருகிறவர்கள் 'ஆச்சா?' என்று கேட்பார்கள், 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். சில வெள்ளிக்கிழமைகளில் நானே ஒரு பட்டனைப் பிய்த்துவிட்டதும் உண்டு.

இப்படி இரண்டு வருடம்.

உண்மையான கடிதம் இந்த உறைக்குள் இருக்கிறது. முதல் நாளே பிரின்ட் எடுத்துவிட்டேன். உங்கள் தம்பி அதை எழுதியது புதன்கிழமை. லாரி வந்தது வெள்ளிக்கிழமை. அனுப்ப நேரமில்லாமல் போயிருக்கும். 'அம்மா, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம வரேன். படி ஏறாதேன்னு சொல்லிட்ட, அதனால தெருவுலயே நிப்பேன். நீ எறங்கி வந்து கூட்டிட்டுப் போ.' அவ்வளவுதான்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். அம்மா மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாத்துலயும் நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா வரேன்னு ஒரு எடத்துலயும் சொல்லலையே. அப்படி ஏதாவது உள்ள கெடக்கா?"

எனக்கு அந்தக் கடிதம் மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும்.

"இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும்மா. சனிக்கிழமை பாத்துச் சொல்றேன்" என்றேன். சரி என்று தலையை அசைத்தார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இந்த வாரம் தாண்டாது என்று காலையிலேயே டாக்டர் உங்களிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன். ஒருவேளை அவர் பிழைத்து எழுந்துவிட்டால், அதையும் கொடுத்து முடித்த பிறகு, என் கடைக்கு எதற்காக வருவார்?