கப்பலுக்கு மூச்சு வாங்காது

— இல்லடி, நான் அந்த டாக்டரம்மாவைக் குறை சொல்லல. ஆளே இல்லாத கிரகத்துல உக்காந்துக்கிட்டு தினமும் ரேடியோவுல பேசுறா பாரு, அதைத்தான் சொல்றேன். யாரும் கேக்கலன்னு தெரிஞ்சும் பேசுறா. எனக்குன்னா வாய் வலிச்சிருக்கும்.

— அக்கா, இத்தனை மாசம் கழிச்சு போன் பண்றே. பண்ணி, ‘மணல் நிலவு’ கதையா சொல்றே?

— கதை சொல்லலடி. ரெண்டு சீரியலையும் ஒப்பிட்டுப் பாக்குறேன். ‘ஏழாம் சுற்று’ல அந்தக் கப்பல் பேசுதே, அதுக்குக் கேக்க ஒரு ஆளாவது இருக்கான். அந்த இன்ஜினியர்.

— அவன்கிட்ட அது சொல்றது பூராவும் பொய்தானே? மத்தவங்க தூங்குறாங்க, எந்திரிச்சிடுவாங்கன்னு. அவங்கல்லாம் செத்து எவ்வளவோ காலம் ஆச்சு.

— ஆகட்டுமே. பொய்யோ நிஜமோ, சாயங்காலம் ஆனா ஒரு குரல் வருதுல்ல.

— டாக்டர் பொய் சொல்ல மாட்டா. அதாவது, அதுக்குத்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

— ரெண்டுக்கும் குரல் குடுக்கிறவ நீதானே. அங்க அரிச்சந்திரன், இங்க அண்டப்புளுகு.

— ஆனா கப்பல்தான்க்கா சுலபம். டாக்டருக்கு உதடு அசையும். அவ வாயை மூடுறப்ப நானும் மூடணும். கப்பலுக்கு வாயே கிடையாது. நாமளா ஒரு வரி சேர்த்தாக்கூடத் தெரியாது.

— அப்படிச் சேர்த்ததுதானே அது?

— எது?

— தெரியாத மாதிரி கேளு. தினமும் கடைசியில கேக்குமே, “தாழ்ப்பாள் போட்டாச்சா?”ன்னு. ஆகாயத்துல போற கப்பல்ல ஏதுடி தாழ்ப்பாள்?

— கண்டுபிடிச்சிட்டியா.

— உங்க அத்தான் தவறிப் போனப்புறம் தினமும் நீ போன்ல கேட்டுக்கிட்டு இருந்தது அதைத்தானே.

— டப்பிங் டைரக்டர் முதல்ல முறைச்சார். அப்புறம், இருந்துட்டுப் போகட்டும்னுட்டார். அதாவது… தினமும் கூப்பிட்டு என்ன பேசுறதுன்னு தெரியலக்கா. நீயும் ‘ம்’, ‘ம்’னே சொல்லுவே. கப்பல் குரல்ல கேக்குறது சுலபமா இருந்துச்சு.

— அதான் போனை நிறுத்திட்டே.

— நீயும்தான் பண்ணல.

— தினமும்தான் கேக்குறாளே, தனியா வேற என்ன பேசுறதுன்னு இருந்துட்டேன். மருந்துக்கடையில வேலை முடிஞ்சதும் அரக்கப்பரக்க ஓடி வருவேன். செருப்பைக்கூடக் கழட்டாம டிவியைப் போடுவேன். நீ கேப்பே. “போட்டாச்சு”ம்பேன். யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நினைச்சு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி நேரா உள்ளயே வந்து நின்னுட்டா.

— அக்கா…

— பரிதாபப்படாதே, எனக்குப் பிடிக்காது. இங்க பாரு, நான் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. உனக்கு உடம்பு எப்படி இருக்கு?

— நல்லாத்தான் இருக்கேன். ஏன்?

— மறைக்காதே. சின்ன வயசுலேர்ந்து உனக்கு இழுப்பு. நாலு வார்த்தை பேசினா நடுவுல ஒரு மூச்சு இழுப்பே, விசும்புற மாதிரி. டாக்டரம்மா பேசுறப்ப அது இருக்கு. கப்பலுக்கும் முன்னாடி இருந்துச்சு. இந்தப் புது சீசன்ல இல்ல.

— கப்பலுக்கு எதுக்குக்கா மூச்சு?

— பேச்சை மாத்தாதே. ஒரே ஆளு, ஒண்ணுல மூச்சு வாங்குது, ஒண்ணுல வாங்கல. இழுப்பு அடியோட போற மாதிரி எந்த மருந்தும் எங்க கடையில கிடையாது. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குத் தூக்கமே போச்சு.

— இப்ப பேசுறேனே, இதுல இருக்கா?

— இருக்கு. அதான் குழப்பமா இருக்கு.

— அதாவது… கப்பலுக்கு நான் பேசுறதில்லக்கா இப்ப. போன சீசனோட அனுப்பிட்டாங்க. என் குரல் மொத்தமும் அவங்ககிட்ட இருக்கே, கம்ப்யூட்டரைப் பழக்கிட்டாங்க. வாய் இல்லாத பாத்திரத்துக்கு ஆள் எதுக்குன்னு சொன்னாங்க.

— அப்ப இத்தனை நாளா என்னைக் கேட்டது?

— நான் இல்ல. அந்த வரியைத் தூக்கியிருப்பாங்கன்னு நினைச்சேன். நான் அதைப் பாக்குறதே இல்ல. மனசு வரல.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.

— வரி நின்னதும் நீ கூப்பிடுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கூப்பிடல. சரி, அக்கா இதையெல்லாம் எங்க கவனிச்சிருக்கப் போறான்னு…

— நிக்கவே இல்லையேடி அது.

— எனக்கு எப்படிக்கா தெரியும்?

— சரி, விடு. இப்ப நீயே ஒரு தடவை கேளு.

— என்ன கேக்க?

— தெரியாதா உனக்கு?

— தாழ்ப்பாள்… போட்டாச்சாக்கா?

— ம். மூச்சு வந்துச்சு.

— பதில் சொல்லு.

— கப்பல்கிட்ட சொன்னதெல்லாம் பொய்டி. அவர் போனதுலேர்ந்து ஒருநாளும் நான் தாழ்ப்பாள் போட்டதில்ல. உள்ள விழுந்து கிடந்தா யாராவது வந்து பாக்கணும்ல.