கூடுதலாக ஓர் இலை

“...எனக்குப் பைத்தியமாம் அஞ்சல. மாமியா பொமோவுக்கு ஆளனுப்பியாச்சி. அந்த மந்திரவாதி வந்து தலையில தண்ணி தெளிச்சா எறங்கிடுமாம். எது எறங்குமாம்? கேட்டா அதுக்கும் மொறைக்கிறா.”

பொன்னம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். செங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, காஜா பேராங்கில் மலாய் பேசும் செட்டி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அஞ்சலைதான் அவளுக்குக் கிடைத்த முதல் தமிழ்க் காது. தணல் கேட்டு வந்த அந்தக் காது, கொட்டாங்குச்சியும் கையுமாக நின்றது.

“வீட்டுல சாரோங் கெபாயாதான் உடுத்தணும். வாயில தமிழ் வந்தா மாமியா மூஞ்சி கோணும். பெண்டஹாரா ரோட்டுல இந்தியச் சங்கக் கூட்டம்னா ஓடிப்போயி சேல, பொட்டு. கெபாயாவோட போனா, ‘யாருடி இந்த சீனத்தி’ம்பாளுக. ஜப்பான்காரன் சமையக்கட்டுல பாத்திரம் கழுவுறப்ப அவன் வச்ச பேரு, அது எனக்கே வாயில நொழையாது. ஒரு நாளைக்கி எத்தன பொம்பளதான் நான்? ரெண்டு வருசமாத் தூக்கமில்ல, நெஞ்சு சும்மா படபடங்குது. முந்தாநாளு சந்துல நின்ன ஆட்டுக்குக் குனிஞ்சி வணக்கம் போட்டேன். சிரி, சிரி. காவலுக்கு நிக்கிற ஜப்பான்காரன் அறைவான், ஆடு அறையல, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேத்து போகிப் பார்ச்சு. ஒனக்குத் தெரியாதுல்ல... இந்த வீட்டுல செத்தவங்களுக்கு வைக்கிற படையல். ஆளுக்கு ஒரு இலை, அவங்கவங்களுக்குப் புடிச்சது. வச்சிட்டுக் கதவச் சாத்திட்டு வெளிய நிக்கணும், அவங்க வந்து சாப்புடுவாங்க. மாமியா எண்ணிப் பாக்குறா, ஒரு இலை கூடுதலா இருக்கு. சுட்ட மரவள்ளி, கருவாடு, பச்சமொளகா. இந்த வீட்டுல எந்தப் பொணமும் அதத் தின்னதில்ல. நாந்தான் வச்சிருக்கேன், ஆனா வச்ச ஞாபகமில்ல. யாருக்குன்னா. பொன்னம்மாவுக்குன்னேன். தோட்டத்துலேர்ந்து கல்யாணத்துக்கு வந்தா, அப்புறம் அவளக் காணோம்னேன்.

தூக்கி எறிய வந்தா. நான் உள்ள போயி தாழ்ப்பாப் போட்டுக்கிட்டேன். ஒக்காந்து தின்னேன்.

என் இலையோட நிறுத்தியிருந்தா இந்த வம்பே இல்ல. மாமனாரு இலையில கோழித்தொட இருந்திச்சி. மாமியா தம்பி இலையில கேக்கு... எல்லாத்தயும் வழிச்சிட்டேன் அஞ்சல. வெளிய சனம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிது, உள்ள செத்தவங்க சாப்புடுறாங்கன்னு.

அங்கயே, இலைங்க நடுவுலயே படுத்துட்டேன். விடிஞ்சி கதவ ஒடைக்கிற வரைக்கும் தூங்கியிருக்கேன்டி.”